பழைய ஸ்போர்ட்ஸ் பைக்: டயரும் வீலும் – வாசகர் கேள்வி பதில்

பழைய ஸ்போர்ட்ஸ் பைக்கைப் பிரித்துப் போட்டுப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் வாசகர்கள் இம்முறை அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் டயரையும் வீலையும் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1986-ஆம் வருட சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750. முன்னும் பின்னும் 18 அங்குல வீல். நல்ல ரேடியல் டயர்கள் எல்லாம் 17 அங்குலத்தில்தான் கிடைக்கின்றன. 17-க்கு மாறிவிடலாமா?

மாறலாம். ஆனால் வீலுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். டயரின் வெளிவிட்டத்தைக் கணக்கிடுவது எளிது. அகலத்தைச் சதவீதத்தால் பெருக்கினால் பக்கச்சுவரின் உயரம் வரும். அதை இரட்டித்து, ரிம்மின் விட்டத்தை (அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கி) கூட்டினால் முடிந்தது.

உங்கள் முன் டயர் 110/80-18, அதாவது அகலம் 110 மி.மீ., பக்கச்சுவர் அதில் 80 சதவீதம், ரிம் 18 அங்குலம். பக்கச்சுவர் 88 மி.மீ., இரண்டு பக்கமும் சேர்த்து 176, ரிம் 457.2. மொத்தம் 633.2 மி.மீ. அந்த இடத்தில் 120/70-17 போட்டால் 168-உம் 431.8-உம் சேர்ந்து 599.8. ஆரத்தில் 16.7 மி.மீ. குறைகிறது. பின்னால் 140/70-18-க்கு 653.2, 160/60-17-க்கு 623.8. ஆரத்தில் 14.7 குறைவு. முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒரே அளவு இறங்குவதால் ஃபோர்க்கின் சாய்வு அப்படியே இருக்கும். அந்த வரைக்கும் நல்லது.

மற்றவை மாறும். முதலில் டிரெயில், அதாவது ஹேண்டில் திரும்பும் அச்சைக் கீழே நீட்டினால் அது தரையைத் தொடும் இடத்துக்கும் முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம். சாய்வு 26 டிகிரி என்று வைத்துக்கொண்டால், முன் வீலின் ஆரம் 16.7 மி.மீ. குறையும்போது டிரெயில் சுமார் 8 மி.மீ. குறையும். ஹேண்டில்பார் லேசாகும், வளைவுக்குள் சட்டென்று இறங்கும், வேகத்தில் நேர்க்கோட்டில் போகும்போது அந்தப் பழைய நிதானம் கொஞ்சம் குறையும். முன் வீலை மட்டும் மாற்றிவிட்டுப் பின் வீலை "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டால் கதையே வேறு. வீல்பேஸ் 1400 மி.மீ. அளவுள்ள பைக்கில் முன்பக்கம் மட்டும் 16.7 மி.மீ. இறங்கினால் சாய்வு சுமார் 0.7 டிகிரி நிமிரும். இரண்டும் சேர்ந்து டிரெயிலில் 12 மி.மீ. போய்விடும். அப்படி ஓட்டாதீர்கள். மாற்றினால் இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றுங்கள்.

அடுத்தது தரைக்கும் பைக்குக்கும் உள்ள இடைவெளி. 15 மி.மீ. சின்ன எண்ணாகத் தெரியும். வளைவில் சைலன்சரும் ஃபுட்ரெஸ்ட்டும் தரையை உரசும்போதுதான் அதன் அளவு புரியும். பலர் கணக்கில் விட்டுவிடுவது சைடு ஸ்டாண்டு. பைக் இறங்கியதும் ஸ்டாண்டு நீளமாகிவிடும். பைக் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும். எதிர்ப்பக்கம் சாயக் காத்திருக்கும். ஸ்டாண்டை அறுத்து நீளம் குறைத்து வெல்டு வைப்பது இந்த வேலையின் ஒரு பகுதி என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீடோமீட்டர் முன் வீலிலிருந்து கேபிளில் ஓடுவதால் 5.6 சதவீதம் கூட்டிக் காட்டும். பின்பக்கம் சுற்றளவு குறைவதால் அதே வேகத்துக்கு எஞ்சின் சுமார் 4.7 சதவீதம் கூடுதலாகச் சுழலும். பின் ஸ்ப்ராக்கெட்டில் 42 பல் இருந்தால் 40 ஆக்கினால் அது சரியாகிவிடும்.

1988-இல் சுசுகியே இந்த பைக்கை 17 அங்குலத்துக்குக் கொண்டுபோனது உண்மைதான். ஆனால் அப்போது பைக்கின் ஃபிரேமையும் சேர்த்தே புதிதாக வடிவமைத்தார்கள். வெறும் வீலை மட்டும் மாற்றவில்லை. எங்கள் கருத்தைக் கேட்டால், பைக் அசல் நிலையில் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களும், ரேஸ் டிராக்குக்குப் போகாதவர்களும் 18-இலேயே இருங்கள். பிரிட்ஜ்ஸ்டோன் பேட்லாக்ஸ் பிடி-46 போன்ற பயாஸ் டயர்கள் (ரேடியல் அல்லாத, இழைகளைக் குறுக்கும் மறுக்குமாக அடுக்கிய டயர்கள்) 18 அங்குல அளவுகளில் வருகின்றன. அவற்றின் ரப்பர் கலவை 1986-இன் கலவை அல்ல. அந்தக் காலத்துப் புது டயரைவிட இன்றைய பயாஸ் டயர் ஈரச் சாலையில் எவ்வளவோ மேல்.

கேள்வி: பின் ரிம் 4.50 அங்குலம். 160/60-17 போட்டிருக்கிறேன். 180/55-17 போட்டால் எடுப்பாக இருக்குமே?

நிறுத்தி வைத்தால் எடுப்பாகத்தான் இருக்கும். ஓட்டினால் தெரியும் சங்கதி.

180/55-17-க்கு உரிய ரிம் 5.50. ரிம்மின் அகலம் அரை அங்குலம் குறைந்தால் டயரின் அகலம் சுமார் 5 மி.மீ. சுருங்கும். ஆக ஓர் அங்குலம் குறுகலான ரிம்மில் 180 டயர் 170 அளவுக்குத்தான் விரியும். அந்தச் சுருக்கம் வெறும் அகலத்தோடு நிற்பதில்லை. பக்கச்சுவர்கள் இரண்டும் உள்ளே இழுக்கப்பட, நடுப்பகுதி கூம்பாக எழும்பும். நேராகப் போகும்போது ஒரு மெல்லிய பட்டைதான் தரையைத் தொடும். சாய்க்கும்போது டயரின் ஓரம் தரைக்கு வரவே வராது. பக்கச்சுவர் வளைந்து கொடுக்க வேண்டிய கோணமும் மாறிவிடுவதால் வளைவின் நடுவே பின்பக்கம் நெளியும். கூடவே எடையும் ஏறும்.

4.50 ரிம்முக்கு 160/60 மிகச் சரியான சோடி. அதையே வைத்துக்கொள்ளுங்கள். நினைவில் வைக்கச் சில சோடிகள்: 110/70-17-க்கு 3.00; 120/70-17-க்கு 3.50, 140/70-17-க்கு 4.00, 160/60-17-க்கு 4.50, 180/55-17-க்கு 5.50, 190/50-17-க்கு 6.00. அரை அங்குலம் முன்னே பின்னே போகலாமா என்பதை அந்த டயர் நிறுவனத்தின் அட்டவணையில் பார்த்து முடிவு செய்யுங்கள். டயர் கடைக்காரர் "உட்கார்ந்துவிடும் சார்" என்பார். உட்காரும், அதில் சந்தேகமில்லை. உட்கார்ந்த பிறகு என்ன வடிவத்தில் நிற்கிறது என்பதுதான் விஷயம்.

ரிம்மை அளக்கும்போது வெளியிலிருந்து வெளி வரை அளந்து ஏமாறாதீர்கள். டயரின் பீடு (ரிம்மைப் பிடித்து நிற்கும் உள்விளிம்பு) உட்காரும் இரண்டு விளிம்புகளின் உட்புறத்திலிருந்து உட்புறம் வரை அளக்க வேண்டும். பெரும்பாலான அலாய் வீல்களில் ஆரக்கால் ஒன்றில் "எம்டி3.50" என்பது போல வார்த்திருப்பார்கள், அதைத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்துகளில் எதை முக்கியமாகப் பார்க்க வேண்டும்?

120/70 இசட்ஆர்17 எம்/சி (58டபிள்யூ) என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 120 அகலம், 70 அந்த அகலத்தில் பக்கச்சுவரின் சதவீதம், ஆர் என்றால் ரேடியல், 17 ரிம், எம்/சி என்றால் மோட்டார் சைக்கிள் ரிம்முக்கு மட்டும். 58 சுமைக் குறியீடு, அதாவது 236 கிலோ. பின் டயரில் 73 என்று இருந்தால் 365 கிலோ. கடைசி எழுத்து வேகம்: எஸ் 180, எச் 210, வி 240, டபிள்யூ 270 கி.மீ. டபிள்யூ அடைப்புக்குறிக்குள் இருந்தால் 270-க்கு மேலும் தாங்கும்.

பைக் அவ்வளவு வேகம் போகப்போவதில்லையே என்று குறைந்த குறியீட்டில் இறங்க வேண்டாம். அந்த எழுத்து வெறும் வேகத்தைச் சொல்வதல்ல. டயரின் உள்கட்டு எவ்வளவு சூட்டையும் உறுதியையும் தாங்கும் என்பதும் அதில் அடக்கம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் 'டாட்' என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு எண்கள். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். நான்குக்குப் பதில் மூன்று எண்களே இருந்தால் 2000-க்கு முந்தைய சரக்கு. எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அது கண்காட்சிக்குத்தான். பழைய பைக் வாங்குபவர்கள் "டயர் புதுசு, பட்டன்கூடத் தேயவில்லை" என்பதில் மயங்கிவிடுகிறார்கள். பத்து வருடம் ஷெட்டில் நின்ற பைக்கின் பட்டன் எப்படித் தேயும்? ரப்பர் இறுகியிருக்கும். பட்டன் பள்ளத்தின் அடியில் நகத்தால் விரித்துப் பாருங்கள். முடி போன்ற வெடிப்புகள் தெரிந்தால் ஓட்டிப் பார்ப்பதற்குக்கூட வேண்டாம். ஐந்து வருடம் ஆன டயரை வருடத்துக்கு ஒருமுறை நன்றாகச் சோதியுங்கள். பத்து வருடம் என்பது எந்த நிலையிலும் தாண்டக்கூடாத கோடு. ஸ்போர்ட்ஸ் பைக்கில் நாங்கள் ஆறோடு நிறுத்திக்கொள்வோம்.

கேள்வி: பின்னால் ரேடியல், முன்னால் பயாஸ் போடலாமா? பின் டயர் மட்டும் தேய்ந்திருக்கிறது.

பைக் நிறுவனமோ டயர் நிறுவனமோ அந்தச் சோடியைப் பெயர் சொல்லி அனுமதித்திருந்தால் மட்டும். இல்லையென்றால் இரண்டையும் ஒரே வகையில், முடிந்தால் ஒரே மாடலில் போடுங்கள். பயாஸ் டயரில் நைலான் இழைகள் குறுக்கும் மறுக்குமாக அடுக்கியிருக்கும்; பக்கச்சுவரும் தரைப் பகுதியும் ஒன்றாகவே வளையும்; வேகம் ஏறினால் டயர் வெளிப்பக்கம் உப்பும். ரேடியலில் பக்கச்சுவர் மெலிதாக வளைந்து கொடுக்கும். மேலே சுற்றியிருக்கும் பெல்ட் தரைப் பகுதியை உப்பவிடாது. சாய்க்கும்போது இவை இரண்டும் வெவ்வேறு விதமாக விலகும். முன்னும் பின்னும் ஒத்துப்போகாத அந்த இடத்தில்தான் பைக் ஆட ஆரம்பிக்கும்.

கேள்வி: ஹோண்டா சிபிஆர்900ஆர்ஆர், 1990-களின் மாடல். முன் வீல் 16 அங்குலம், 130/70-16. டயர் தேடியே அலுத்துவிட்டது. 17 போட்டால் ஓட்டம் கெட்டுவிடுமா?

இந்த பைக் 1992-இல் வந்ததிலிருந்து 1999 வரை முன்னால் 16 அங்குல வீலோடுதான் வந்தது. 2000-இல் அதற்கு அடுத்து வந்த சிபிஆர்929ஆர்ஆர்தான் 17-க்கு மாறியது. 18-ஐ 17 ஆக்குவதைவிட இது எளிது. ஏனென்றால் 130/70-16-இன் வெளிவிட்டம் 588.4, 120/70-17-க்கு 599.8. ஆரத்தில் 5.7 மி.மீ.தான் கூடுகிறது. ஃபோர்க் குழாய்களைக் கிளாம்புகளில் தளர்த்தி சுமார் 6 மி.மீ. மேலே ஏற்றிவிட்டால் முன்பக்கத்தின் உயரம் பழையபடி வந்துவிடும். டிரெயில் 2 முதல் 3 மி.மீ. கூடும். அது கெடுதல் இல்லை. இந்த பைக்கின் ஹேண்டில்பாரில் ஒரு படபடப்பு இருக்கிறது என்று சொல்பவர்களுக்கு லாபமே.

120/65-17 என்று ஓர் அளவு உண்டு. 2003-இன் கவாசாகி இசட்எக்ஸ்-6ஆர் அதோடு வந்தது. வெளிவிட்டம் 587.8. அசலுக்கும் இதற்கும் அரை மி.மீ.தான் வித்தியாசம். கணக்குக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. ஆனால் இப்போது அந்த அளவிலும் டயர்கள் அருகிவிட்டன. ஒரு தேடலிலிருந்து தப்பிக்க இன்னொரு தேடலில் மாட்டிக்கொள்வதில் அர்த்தமில்லை. 120/70 போட்டு ஃபோர்க்கைச் சரிசெய்வதே நடைமுறைக்கு ஏற்றது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஃபோர்க்கை ஏற்றிய பிறகு முன்பக்கத்தை முழுக்க அமுக்கிப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஃபோர்க் அடிவரை இறங்கிய நிலையில், டயருக்கும் ரேடியேட்டருக்கும், மட்கார்டுக்கும் கீழ்க் கிளாம்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். பைக்கின் மேல் உட்கார்ந்து இரண்டு முறை பிரேக் பிடித்துக் குலுக்குவதில் இது தெரியாது.

கேள்வி: வேறு பைக்கின் வீலைப் பொருத்தும்போது ஆக்சில் சேரவில்லை. ஹப்பைக் கடைய வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். முதலில் பேரிங் எண்ணைப் பாருங்கள். 6303 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 47, அகலம் 14 மி.மீ. 6204 என்றால் 20, 47, 14. வெளி அளவும் அகலமும் ஒன்றே. ஆக 17 மி.மீ. ஆக்சிலுக்கான ஹப்பில் 6204-ஐப் போட்டால் 20 மி.மீ. ஆக்சில் அப்படியே நுழையும். 25 மி.மீ. ஆக்சிலுக்கு 6005 இருக்கிறது: 25, 47, 12. அகலம் 2 மி.மீ. குறைவு, அதை ஒரு வளையத்தால் ஈடுகட்ட வேண்டும். ஆக்சில் அளவு மாறினால் இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே நிற்கும் குழாயையும் புதிதாகக் கடைந்தாக வேண்டும். அதன் நீளம் பழைய குழாயின் நீளம்தான், இம்மி பிசகக்கூடாது. ஆயில் சீலும் மாறும்.

முன் வீலில் ஆக்சிலைவிடத் தொல்லை தருவது டிஸ்க். ஹப்பில் டிஸ்க் உட்காரும் இரண்டு முகங்களுக்கும் இடையிலான தூரம், டிஸ்க்கின் விட்டம், போல்ட் வட்டம் (போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) – மூன்றையும் இரண்டு வீல்களிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் நடுவில் டிஸ்க் ஓட வேண்டும். காலிப்பரை வாஷர் வைத்து நகர்த்துவது ஓரிரு மி.மீ.க்குச் சரி, அதற்கு மேல் என்றால் அந்த வீல் உங்கள் பைக்குக்கானது அல்ல. ஃபோர்க், கிளாம்பு, ஆக்சில், காலிப்பர், வீல் எல்லாவற்றையும் ஒரே பைக்கிலிருந்து மொத்தமாக எடுப்பது செலவாகத் தெரியும். லேத் பட்டறைக்கு நடக்கும் நடையைக் கணக்கில் சேர்த்தால் அதுவே மலிவு.

கேள்வி: அகலமான பின் வீல் போட்டிருக்கிறேன். செயின் டயரை உரசுகிறது. வீலை ஒரு பக்கம் நகர்த்தலாமா?

கூடாது. வீலின் நடுக்கோடு முன் வீலின் நடுக்கோட்டில் இருந்தாக வேண்டும். நகர வேண்டியது செயின்தான்.

வரிசை இதுதான். முதலில் வீலை நடுவில் நிறுத்துங்கள். பின் வீலைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் நடு என்பது எப்போதும் வீலின் நடு அல்ல. சில பைக்குகளில் தொழிற்சாலையிலேயே ஒதுக்கி வைத்திருப்பார்கள். அதனால் பழைய வீலைக் கழற்றும் முன்பே, ரிம்மின் இரு ஓரங்களிலிருந்தும் ஸ்விங் ஆர்ம் வரை உள்ள தூரத்தை எழுதி வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் கழற்றிவிட்டீர்களா? நூல் பிடியுங்கள். பின் டயரின் பக்கவாட்டில், தரைக்குக் கொஞ்சம் மேலே, முன் விளிம்பையும் பின் விளிம்பையும் தொடும்படி இரு பக்கமும் நூலை இழுத்து முன் டயர் வரை கொண்டுபோய்க் கட்டுங்கள். பின் டயர் 180, முன் டயர் 120 என்றால் முன் டயருக்கும் நூலுக்கும் நடுவே ஒவ்வொரு பக்கமும் 30 மி.மீ. இருக்க வேண்டும். ஒரு பக்கம் 34, மறுபக்கம் 26 என்றால் வீல் நடுவில் இல்லை. முன் டயரின் முன்னும் பின்னும் அளவு வேறுபட்டால் ஹேண்டில் திரும்பியிருக்கிறது. அதை முதலில் நேராக்குங்கள்.

வீல் நடுவுக்கு வந்ததும் ஸ்பேசர்களின் (ஆக்சிலில் வீலின் இரு பக்கமும் நிற்கும் சிறு குழாய்களின்) நீளத்தை அளந்து கடையக் கொடுங்கள். இரண்டு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஸ்பேசர் பேரிங்கின் உள்வளையத்தில் மட்டும் அழுந்த வேண்டும். வெளிவளையத்தையோ சீலையோ தொட்டால் இறுக்கியதும் வீல் சுற்றாது. கையில் கிடைத்த வாஷர்களை அடுக்கி ஸ்பேசர் செய்வதை நாங்கள் பல பைக்குகளில் பார்க்கிறோம். ஆக்சில் நட்டு தளர்வதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

அதன் பிறகு செயின். டயருக்கும் செயினுக்கும் நடுவே குறைந்தது 6 முதல் 8 மி.மீ. வேண்டும், ஏனென்றால் ஓட்டத்தில் செயின் பக்கவாட்டிலும் துள்ளும். போதவில்லை என்றால் முன்னால் வெளித்தள்ளிய ஸ்ப்ராக்கெட், பின்னால் அதே அளவு வெளித்தள்ளல். முன்னது 5 மி.மீ. தள்ளினால் பின்னதும் 5. நேர்கோல் ஒன்றைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் முகத்தில் வைத்து முன் ஸ்ப்ராக்கெட் வரை பாருங்கள். ஒரு மி.மீ. பிசகு பரவாயில்லை, இரண்டு என்றால் செயினும் பல்லும் ஒரு பக்கமாகத் தேயும்.

கடைசியாகப் பின் காலிப்பரின் பிராக்கெட். அது ஸ்விங் ஆர்மில் உள்ள முளையிலோ டார்க் ஆர்ம் என்ற தாங்குதண்டிலோ உறுதியாகப் பிடிபட்டிருக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது வரும் முழு விசையையும் தாங்குவது அதுதான். அலுமினிய ஸ்விங் ஆர்மில் புதிய முளையை வெல்டு வைத்துக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், வெல்டுக்குப் பிறகு அந்த உலோகத்தின் பதம் என்ன ஆகும் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் பிராக்கெட்டைத்தான் மாற்றி வடிவமைக்க வேண்டும்.

கேள்வி: புதுப் பேரிங் போட்டும் வீல் இறுக்கமாகச் சுற்றுகிறது. இரண்டே மாதத்தில் சத்தமும் வருகிறது.

பேரிங்கை அடித்த விதம் தவறு. ஹப்பின் இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே ஒரு குழாய் இருக்கிறது. முதல் பேரிங்கை ஹப்பின் படி வரை முழுவதும் இறக்க வேண்டும். பிறகு குழாயை வைத்து, இரண்டாவது பேரிங்கை அதன் உள்வளையம் குழாயைத் தொடும் வரை மட்டும் இறக்க வேண்டும். அந்தப் பக்கமும் படி வரை போகட்டும் என்று மேலும் அடித்தால் உள்வளையம் குழாயில் முட்டி நிற்க, வெளிவளையம் மட்டும் நகரும். குண்டுகள் பக்கவாட்டில் நெருக்கப்படும். அதுதான் உங்கள் இறுக்கம். முதல் பேரிங் முழுவதும் இறங்காமல் நின்றாலும் இதே கதை. குழாய் கையால் தள்ளினால் கொஞ்சம் நகர வேண்டும், ஆனால் லொடலொட என்று ஆடக்கூடாது.

வெளிவளையத்தில் மட்டும் அடியுங்கள். உள்வளையத்தில் விழும் ஒவ்வோர் அடியும் குண்டுகளின் பாதையில் தடமாகப் பதியும். ஹப்பை 100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, பேரிங்கை ஃப்ரீசரில் இரவு முழுக்க வைத்திருந்தால் பாதி தூரம் தானாகவே விழும். பின் வீலில் ஸ்ப்ராக்கெட் தாங்கியில் தனியாக ஒரு பேரிங் உண்டு, அதை மறந்துவிடுகிறார்கள். அதே நேரத்தில் உள்ளே இருக்கும் குஷ் ரப்பர்களையும் (செயின் இழுக்கும்போது வரும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்பவை) பாருங்கள். ஸ்ப்ராக்கெட்டைக் கையால் திருகினால் தளர்வாக ஆடுகிறது என்றால் ரப்பர் போய்விட்டது; கியர் மாற்றும்போதெல்லாம் செயின் வெட்டி இழுக்கும்.

கேள்வி: பழைய அலாய் வீலுக்குப் பவுடர் கோட்டிங் செய்யக் கொடுக்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில் அந்த வீல் கோட்டிங்குக்குத் தகுதியானதா என்று பாருங்கள். ஆக்சிலில் மாட்டிச் சுற்றவிட்டு டயல் கேஜ் வைத்து அளவெடுங்கள். பக்கவாட்டிலும் மேலும் கீழுமாகவும் 2 மி.மீ. என்பது பல சர்வீஸ் புத்தகங்களில் கடைசி எல்லை. நல்ல நிலையில் உள்ள வீல் அதில் பாதிகூட ஆடாது. கோட்டம் இருந்தால் அதை இப்போதே தீர்க்க வேண்டும். விளிம்பில் சின்னப் பள்ளத்தை நிமிர்த்தலாம். ஆரக்கால் சேரும் இடம் வரை வளைந்த முன் வீலை நாங்கள் நிமிர்த்தக் கொடுக்க மாட்டோம்.

பழைய பெயின்ட்டை ரசாயனத்தால் உரித்தபின் வெடிப்புச் சோதனை. சிவப்புச் சாயத்தைத் தெளித்து, ஊற விட்டு, துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பரைத் தெளித்தால் வெடிப்பு இருக்கும் இடத்தில் சிவப்புக் கோடு மேலே வரும். ஆரக்காலின் அடி, ஹப்பைச் சுற்றி, வால்வு துளை – இந்த மூன்று இடங்களும் முக்கியம். கோட்டிங் போட்ட பிறகு இந்தச் சோதனைக்கு வழியே இல்லை.

கொடுக்கும் முன் பேரிங், சீல், வால்வு எல்லாம் கழற்றப்பட்டிருக்க வேண்டும். பேரிங் உட்காரும் குழி, டிஸ்க்கும் ஸ்ப்ராக்கெட் தாங்கியும் உட்காரும் முகங்கள், போல்ட் துளைகள், ஆக்சில் பாதை: இவை எல்லாவற்றையும் மறைக்கச் சொல்லுங்கள், எழுதியே கொடுங்கள். டிஸ்க் முகத்தில் கோட்டிங் ஏறினால் டிஸ்க் கோணலாக உட்காரும்; சூட்டில் அந்தப் பூச்சு அமுங்கி போல்ட்டின் இறுக்கமும் குறையும். பவுடர் பொதுவாக 180 முதல் 200 டிகிரியில் வேகும். அலுமினிய வீலுக்கு ஒருமுறை பரவாயில்லை. பிடிக்கவில்லை என்று நிறம் மாற்றி மாற்றி மூன்று முறை அடுப்பில் வைக்காதீர்கள்.

மெக்னீசியம் வீல் என்றால் நிலைமை வேறு. ரேஸ் பைக்குகளிலிருந்து இறங்கிய மார்க்கெசினி, டைமாக் மெக்னீசியம் வீல்கள் கைமாறிக் கைமாறி வருகின்றன. பெயின்ட் உரிந்த இடத்தில் ஈரம் பட்டால் மெக்னீசியம் உள்ளுக்குள் அரித்துக்கொண்டே போகும். வெளியே சின்னக் கொப்புளமாகத்தான் தெரியும். வெடிப்புச் சோதனை செய்யாத பழைய மெக்னீசியம் வீலைச் சாலையில் ஓட்டாதீர்கள். சுவரில் மாட்ட அழகான பொருள்.

கேள்வி: டியூப்லெஸ் டயரை ஸ்போக் வீலில் டியூப் வைத்துப் போடலாமா?

டயர் நிறுவனம் அனுமதித்திருந்தால் போடலாம்; ஆனால் ரேடியலுக்கு ரேடியலுக்கான டியூப், சரியான அளவில். டியூப் இல்லாமல் ஸ்போக் ரிம்மில் போடுவது மட்டும் கூடவே கூடாது. காற்று நிப்பிள் வழியாகப் போவது ஒருபுறம் இருக்கட்டும். பழைய ஸ்போக் ரிம்களில் பீடைப் பிடித்து நிறுத்தும் மேடு கிடையாது. காற்று குறைந்தால் டயர் ரிம்மிலிருந்து நழுவி உள்ளே விழும்.

கேள்வி: ஹைப்பர்ஸ்போர்ட் டயரா, ஸ்போர்ட் டூரிங் டயரா?

17 அங்குலப் பழைய பைக்கைச் சாலையில் ஓட்டுபவருக்குச் சந்தேகமே இல்லாமல் ஸ்போர்ட் டூரிங். ஹைப்பர்ஸ்போர்ட் டயரின் ரப்பர் நன்றாகச் சூடானால்தான் பிடிக்கும். சாலையில், அதுவும் குளிரிலோ மழையிலோ, அந்தச் சூடு ஏறுவதே இல்லை. 25 வருடப் பழைய ஃபோர்க்கும் ஷாக்கும் உள்ள பைக்கில் கடினமான உள்கட்டு உள்ள டயரைப் போட்டால் மேடு பள்ளம் எல்லாம் கைக்கு வரும். ஸ்போர்ட் டூரிங்கில் நடுவில் கடினமான கலவை, ஓரத்தில் மென்மையானது; சீக்கிரம் சூடாகும். நல்ல டயர் போட்டும் பைக் நெளிகிறது என்று எழுதும் பலரும் ஃபோர்க் ஆயிலை மாற்றியிருக்க மாட்டார்கள்.

கேள்வி: புது டயரில் அம்புக்குறி இருந்தும் முன்னும் பின்னும் பட்டன் எதிரெதிராகத் தெரிகிறது. தவறாக மாட்டிவிட்டார்களா?

இல்லை. அம்புக்குறி ஓடும் திசையைக் காட்டினால் சரி. முன் டயர் பிரேக் விசைக்கும் பின் டயர் இழுவிசைக்கும் வடிவமைக்கப்பட்டவை. சில மாடல்களில் அதனால் பட்டன் எதிரெதிராகவே இருக்கும்.

கேள்வி: நைட்ரஜன் நிரப்பலாமா? எத்தனை பிஎஸ்ஐ?

காற்றில் 78 சதவீதம் ஏற்கெனவே நைட்ரஜன்தான். வாரம் ஒருமுறை, குளிர்ந்த டயரில் அளந்து பாருங்கள், அது போதும். 120/70, 180/55 சோடியில் வரும் பல ஜப்பானிய பைக்குகளுக்கு முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ. அளவு மாற்றியிருந்தால் பழைய ஸ்டிக்கரைப் பார்க்காமல் டயர் நிறுவனத்தின் அட்டவணையைப் பாருங்கள். நன்றாக ஓட்டிவிட்டு உடனே அளந்தால் 10 சதவீதம் அளவுக்கு ஏறியிருக்கலாம். அதற்கு மேல் வெகுவாக ஏறினால் குளிரில் காற்று குறைவாக இருந்தது என்று பொருள். சூட்டில் ஏறியிருக்கிறதே என்று இறக்கிவிடாதீர்கள்.

கேள்வி: டயர், வீல் எல்லாம் புதிதாகப் போட்டபின் 80 கி.மீ. வேகத்தில் ஹேண்டில் நடுங்குகிறது. பேலன்ஸும் செய்தாகிவிட்டது.

பேலன்ஸுக்கு எத்தனை கிராம் ஒட்டினார்கள் என்று எண்ணுங்கள். முன்னால் 60, பின்னால் 70 கிராமுக்கு மேல் தேவைப்பட்டால் டயரோ வீலோ கோளாறு. டயரைக் கழற்றி, பக்கச்சுவரில் உள்ள லேசான இடத்தின் புள்ளியை வால்வுக்கு நேராக வைத்து மறுபடி மாட்டச் சொல்லுங்கள்.

பிறகு ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். ரிம் விளிம்பிலிருந்து அந்தக் கோடு சுற்றிலும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஓரிடத்தில் உள்ளே புதைந்திருந்தால் பீடு முழுவதும் உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புக் கரைசல் தடவி மறுபடி ஏற்ற வேண்டும். டயரில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்டக்கூடாது.

அதுவும் சரியென்றால், முன் ஆக்சிலை எப்படி இறுக்கினீர்கள்? ஆக்சில் நட்டை இறுக்கியபின், பிஞ்ச் போல்ட்டுகளை (ஃபோர்க்கின் அடியில் ஆக்சிலைக் கவ்விப் பிடிப்பவை) தளர்த்திய நிலையிலேயே ஃபோர்க்கை நான்கைந்து முறை அமுக்கிவிட்டால் இரண்டு கால்களும் தங்களுக்குரிய இடத்தில் நிற்கும். அதன் பிறகுதான் பிஞ்ச் போல்ட். முதலிலேயே இறுக்கிவிட்டால் ஒரு கால் உள்ளே இழுபட்டபடி நிற்கும். ஃபோர்க் தடைபட்டு இறங்கும்.

இவை மூன்றும் சரியாக இருந்தும் நடுங்கினால் குற்றவாளி டயர் அல்ல. முன் வீலைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால் ஹேண்டில் பேரிங் தளர்ந்திருக்கிறது. மெதுவாக இரு பக்கமும் திருப்பும்போது நேர்ப் பார்வையில் ஒரு பள்ளத்தில் விழுவது போல நின்றால் அந்தப் பேரிங்கின் பாதையில் தடம் விழுந்துவிட்டது. இறுக்கிப் பயனில்லை, மாற்றுங்கள். அதை முடித்தபின் புது டயரை முதல் 150 கி.மீ. வரை அதிகம் சாய்க்காமல், திடீர் பிரேக் இல்லாமல் ஓட்டிப் பழக்குங்கள்.